காஃப்காவோட தெரு ஜன்னல்: அந்த ஆள் சேந்தாரா, விழுந்தாரா?

தம்பி, நீங்க கேட்ட கேள்விய முதல்ல அப்படியே எடுத்து வச்சுக்கறேன், இல்லாட்டி பதில் எங்கயாச்சும் போயிரும். பிராக்ல வாழ்ந்து ஜெர்மன்ல எழுதின காஃப்காவோட "தெரு ஜன்னல்" மொத்தமே ரெண்டு வாக்கியம்தான், இது தனிமையப் பத்தினதா இல்ல மனுசங்க ஒண்ணு சேர்றதப் பத்தினதா, கடைசில அந்த ஆள் ஜனங்களோட சேந்துட்டாரா இல்ல ஜன்னல்லருந்து கீழ விழுந்துட்டாரா, இதான உங்க கேள்வி. நான் சேலத்துல ஜெர்மன் சொல்லிக்குடுக்கறவ, இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப வர்றவங்கள்ல முக்காவாசிப் பேர் நர்சிங் முடிச்ச பொண்ணுங்க, ஜெர்மன் மொழிப் பரீட்சைல பி2 லெவல் பாஸ் பண்ணிட்டு ஜெர்மனிக்கு வேலைக்குப் போறவங்க. ஒவ்வொரு பேட்ச்லயும் ஒரு நாள் இந்த ரெண்டு வாக்கியத்த போர்டுல எழுதிப்போடுவேன். அதனால இதப் பத்தி என்கிட்ட சேந்து கிடக்கறது கொஞ்சம் அதிகம், பொறுமையா படிங்க.

படிக்காதவங்களுக்காக அதுல என்ன இருக்குன்னு முதல்ல பேச்சு வழக்குல சொல்லிடறேன். முதல் வாக்கியம்: யாருமில்லாம தனியா வாழற ஒருத்தன், ஆனாலும் அப்பப்ப எங்கயாச்சும் போய் ஒட்டிக்கணும்னு நெனைக்கறவன், பொழுது மாறுது, வெயில் மழை மாறுது, வேலைல நெலம மாறுது, இதெல்லாம் பாத்துட்டு புடிச்சுக்கறதுக்கு ஏதோ ஒரு கை கண்ணுல பட்டாப் போதும்னு ஏங்கறவன், அவனால தெருப்பக்கம் ஒரு ஜன்னல் இல்லாம ரொம்ப நாள் ஓட்ட முடியாது. ரெண்டாவது வாக்கியம்: சரி, அவன் எதையுமே தேடல, சும்மா களைச்சுப்போன மனுசனா ஜன்னல் திண்டுகிட்ட வந்து நிக்கறான், கண்ணு ஜனத்துக்கும் வானத்துக்கும் நடுவுல மேலயும் கீழயும் போயிட்டு இருக்கு, அவனுக்கு விருப்பமில்ல, தலைய லேசா பின்னால சாச்சு வச்சிருக்கான், அப்படியிருந்தும் கீழ போற குதிரைங்க அவனையும் தங்களோட வண்டி கும்பலுக்குள்ள சத்தத்துக்குள்ள இழுத்துக்கிட்டு கடைசில மனுச ஒத்துமைய நோக்கிக் கொண்டுபோகுது. அவ்ளோதான். பேர் கிடையாது, ஊர் கிடையாது, அந்த ஆள் என்ன வேலை பாக்கறான், ஏன் தனியா இருக்கான், எதுவும் கிடையாது.

பொதுவா காஃப்கான்னதும் நம்ம ஆளுங்க "அந்நியமாதல்"னு ஒரு வார்த்தைய எடுத்து ஒட்டிட்டுப் போயிடறாங்க. காலைல எந்திரிச்சா பூச்சியா மாறியிருந்தவன், என்ன குத்தம்னே தெரியாம கேஸ்ல மாட்டினவன், அப்பாவுக்கு பயந்தவர், 40 வயசுல டிபில செத்துப்போனவர், இவ்ளோ தெரிஞ்சா போதும்னு இருக்காங்க. அந்த வார்த்தைய இந்த ரெண்டு வாக்கியத்து மேல ஒட்டிப் பாருங்க, ஒட்டாது. முதல் வாக்கியம் மட்டும் இருந்திருந்தா ஒட்டும். ரெண்டாவது வாக்கியம் அத உரிச்சு எடுத்துடுது.

முதல் வாக்கியத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அது ஆபீஸ் பாஷைல இருக்கு. காஃப்கா 1908லருந்து பிராக்ல தொழிலாளர் விபத்து இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை பாத்தவர், மரம் இழைக்கற மெஷின்ல வெரல் போகாம இருக்க என்ன பண்ணணும்னு ரிப்போர்ட் எழுதினவர். அந்தக் கைதான் இங்கயும் எழுதுது. "பொழுது, தட்பவெப்பம், தொழில் நிலைமைகள் முதலியவற்றில் ஏற்படும் மாற்றங்களை முன்னிட்டு", ஜெர்மன்ல அந்த வரி சரியா இந்தத் தோரணைலதான் இருக்கும், நம்ம கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மனு எழுதிக்குடுக்கறவர் எழுதற மாதிரி. அந்த "முதலியவற்றில்"ங்கறதுக்குள்ளதான் இந்த மனுசன் தன் கஷ்டத்த எல்லாம் போட்டு மூடி வச்சிருக்கான். எனக்கு யாருமில்லன்னு அழறதுக்கு வாய் வரல, அதனால விதிமுறை மாதிரி பேசறான். மனு எழுதறவர் முன்னாடி வந்து நிக்கற ஜனங்களும் அப்படித்தானே, வீட்டுக்காரர் செத்துட்டாருன்னு சொல்ல வந்த அம்மா "குடும்பச் சூழ்நிலை காரணமாக"ன்னு எழுத வச்சுட்டுப் போறாங்க.

அப்பறம் அந்தக் கை. பல பேர் மேலோட்டமா படிச்சுட்டு அவன் ஒரு கையப் புடிச்சுக்க நெனைக்கறான்னு சொல்லிடறாங்க. ஜெர்மன்ல அப்படி இல்ல. புடிச்சுக்கலாம்ங்கற மாதிரி ஏதோ ஒரு கையப் *பாக்கணும்*னு நெனைக்கறான், அவ்ளோதான். யார் கையா இருந்தாலும் சரி. ஒட்டிக்கணும்ங்கறதுக்கு அவர் போட்டிருக்கற வினைச்சொல்லு "அன்ஷ்லீஸன்", இதுலருந்து வர்ற "அன்ஷ்லுஸ்"ங்கற வார்த்தைய என் ஸ்டூடன்ட்ஸ் ரயில் பாடத்துல படிப்பாங்க, ஒரு ரயில்லருந்து இறங்கி அடுத்த ரயில் புடிக்கறோம்ல, அந்த கனெக்ஷன். சேலம் ஜங்ஷன்ல இறங்கி ஓடினவங்களுக்குத் தெரியும், கண்ணு முன்னாடி கடைசிப் பெட்டி நகர்றப்ப வாசல்ல நிக்கற யாரோ ஒருத்தர் கைய நீட்டுவார். அந்த கைய நம்ம புடிக்கலாம், புடிக்காமயும் போகலாம், ஆனா அது நீண்டிருக்கறதப் பாத்துட்டோம்.

இதே கை இதே புத்தகத்துல இன்னொரு எடத்துலயும் வருது, அதையும் சொல்லிடறேன். "தெரு ஜன்னல்" இருக்கற புத்தகம் "பெட்ராக்டுங்", காஃப்காவோட முதல் புத்தகம், 18 குட்டிக் குட்டி துண்டுங்க, 1912 கடைசில வந்துச்சு, அச்சுல 1913ன்னு போட்டிருந்துச்சு, 800 பிரதிதான் போட்டாங்க. அதுல அஞ்சாவது துண்டு ஒரு மலைப் பயணம். ஒருத்தன் சொல்றான், நான் யாருக்கும் கெட்டது பண்ணல, ஆனாலும் எனக்கு ஒத்தாசைக்கு ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்கன்னு. சொல்லிட்டு அந்த "ஒருத்தரும் இல்ல"ங்கறதையே ஆளுங்களா மாத்திடறான், அந்த இல்லாத ஆளுங்க கும்பலோட ஒரு டூர் போனா நல்லாத்தான் இருக்கும், மலைக்குத்தான், வேற எங்க, பாருங்க எப்படி கையோட கை கோத்துக்கிட்டு நெருக்கியடிச்சு நிக்கறாங்கன்னு. மே மாசம் கோடை விழா சமயத்துல ஏற்காடு ஏரிகிட்ட நின்னு பாத்திருக்கேன், காலேஜ் பசங்க பத்துப் பதினஞ்சு பேர் தோள்ல கை போட்டு ரோட்ட அடைச்சு நடந்து வருவாங்க, ஓரத்துல வேர்க்கடலப் பொட்டலத்த வச்சுக்கிட்டு ஒத்தையா நிக்கற ஒருத்தர் அந்த கைங்களையே பாத்துக்கிட்டு இருப்பார். அந்த அஞ்சாவது துண்டு எனக்கு அந்த எடத்துலதான் முழுசா புரிஞ்சது.

இப்ப குதிரைக்கு வரேன், இத பல பேர் கவனிக்கறதில்ல. "தெரு ஜன்னல்" புத்தகத்துல 15ஆவது. அதுக்கு முந்தின 14ஆவது துண்டு குதிரைப் பந்தயத்துல ஜெயிக்கறதால என்ன கஷ்டம்னு சொல்றது. அடுத்த 16ஆவது துண்டு செவ்விந்தியனா ஆகணும்ங்கற ஆச, ஒரே வாக்கியம், ஓடற குதிரை மேல சாஞ்சு போறவன் முதல்ல குதிமுள்ள விடறான், கடிவாளத்த விடறான், கடைசில குதிரையோட கழுத்தும் தலையுமே இல்லாமப் போயிடுது. ஆக மூணு துண்டும் தொடர்ச்சியா குதிரை. அதுல நடுவுல இருக்கறதுல மட்டும் குதிரை வேற யாரோட வண்டியவோ இழுத்துக்கிட்டுப் போகுது, மேல நிக்கறவன் அதுக்கு யாருன்னே தெரியாது. அதுக்கு அவனக் கூப்பிடணும்ங்கற எண்ணமே கிடையாது. ஆனாலும் இழுக்குது.

இந்த வரிசைய முடிவு பண்ணின ராத்திரி ஒண்ணு இருக்கு. 1912 ஆகஸ்ட் 13. நண்பர் மாக்ஸ் பிராட் வீட்டுக்கு காஃப்கா இந்த துண்டுங்களத் தூக்கிட்டுப் போறார், எத எதுக்கு அடுத்து வைக்கறதுன்னு பேசறதுக்கு. போனா அங்க பெர்லின்லருந்து வந்த ஒரு பொண்ணு உக்காந்திருக்காங்க, ஃபெலிஸ் பாவர். மறுநாள் காலைல பிராடுக்கு எழுதறார், நேத்து அடுக்கறப்ப அந்தப் பொண்ணோட தாக்கத்துல இருந்தேன், வரிசைல ஏதாச்சும் முட்டாள்தனம் ஆயிருக்கலாம்னு. ஒத்தை ஆளுங்களப் பத்தி எழுதின புத்தகத்த அடுக்கிட்டு இருக்கறப்ப மேசைக்கு எதிர்ல ஒரு கை. அந்தம்மாவுக்கு அப்பறம் 500க்கும் மேல கடிதம் எழுதினார், ரெண்டு தடவ நிச்சயம் பண்ணி ரெண்டு தடவயும் முறிஞ்சது.

அதே ஃபெலிஸுக்கு 1913 ஜனவரில ஒரு கடிதம், எழுதறப்ப எவ்ளோ தனியா இருந்தாலும் பத்தாது, ஒரு பெரிய நிலவறையோட கடைக்கோடி ரூம்ல விளக்கும் எழுத்து சாமானும் வச்சுக்கிட்டு இருக்கணும், சாப்பாட்ட ரொம்பத் தள்ளி வெளிக்கதவுகிட்ட வச்சுட்டுப் போயிடணும், அதான் எனக்கு நல்ல வாழ்க்கைன்னு. பாருங்க, தெருப்பக்கம் ஜன்னல் இல்லாம ரொம்ப நாள் ஓட்ட முடியாதுன்னு அச்சுல போட்டு கொஞ்ச நாள் கூட ஆகல, ஜன்னலே இல்லாத ரூம் கேக்கறார். இதுல எது நெஜம்னு கேட்டா ரெண்டும் நெஜம்தான், அதனாலதான் அந்த ரெண்டாவது வாக்கியத்துல "அவனுக்கு விருப்பமில்ல"ன்னு ஒரு சின்ன வரி உக்காந்திருக்கு. ஜெர்மன்ல "எர் வில் நிஷ்ட்", மூணே வார்த்தை, எது வேணாம்னு கூட சொல்லல. வேணாம், அவ்ளோதான்.

அந்த "வேணாம்"ஐ நான் நேர்ல பாத்திருக்கேன், அதச் சொல்லாம இந்தப் பதில் முடியாது.

சேலத்துல குகைன்னு ஒரு ஏரியா, அங்க ஒரு சந்துல எங்க பெரியப்பா வீடு. கீழ தறி, மேல ஒரே ஒரு ரூம், தெருவப் பாத்து மரச்சட்டம் போட்ட கம்பி ஜன்னல். பெரியம்மா போனதுக்கப்பறம் பெரியப்பா தறில உக்கார்றத விட்டுட்டார், மேல ஏறினவர் சாப்பாட்டுக்கு மட்டும் இறங்குவார், அப்பறம் அதுக்கும் இறங்கல, நாங்கதான் தட்டத் தூக்கிட்டுப் போவோம். ஜன்னல்கிட்ட ஒரு மர நாற்காலி, அதுல தலைய பின்னால சாச்சு வச்சுக்கிட்டு இருப்பார். ஏதாச்சும் கேட்டா "வேணாம்மா". சாப்பிடறீங்களா, வேணாம்மா. ஃபேன் போடவா, வேணாம்மா. அந்த வருஷம் ஆடி, மாரியம்மன் பண்டிகை, வண்டி வேடிக்கை. சேலத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, வெளியூர்க்காரங்களுக்காக: வண்டிங்கள ஜோடிச்சு, அதுல ஆளுங்க சாமி வேசம் கட்டி உக்காந்து, ராத்திரி முழுக்க ஊர்வலமா வருவாங்க, முன்னாடி காலத்துல எல்லாம் மாட்டு வண்டி, இப்ப லாரியும் வருது. கீழ வாங்க பெரியப்பா, பாக்கலாம்னு கூப்பிட்டேன். வேணாம்மா.

ஒரு வண்டி, தெர்மாகோல்ல கைலாச மலை கட்டி, உச்சில சிவன் வேசத்துல ஒரு பையன், பதினாலு பதினஞ்சு வயசு இருக்கும், உடம்பு பூரா நீல பெயின்ட். அது சரியா எங்க ஜன்னலுக்கு நேரா வந்து நின்னுடுச்சு, மலையோட உச்சி கேபிள் டிவி ஒயர்ல மாட்டிக்கிச்சு. கீழ பம்பை அடிக்கறாங்க, மாடு மெரளுது, ஆளாளுக்குக் கத்தறாங்க, முன்னாடி போ, பின்னாடி வா. அந்தப் பையன் எங்க ஜன்னல் உசரத்துல, எங்களுக்கும் அவனுக்கும் நடுவுல ஒரு முழம் கூட இருக்காது, வேர்வைல நெத்திலருந்து நீலம் வழிஞ்சு கண்ணுல போகுது, அவனால தொடைக்க முடியல, ஒரு கைல சூலம், ஒரு கைல உடுக்கை. மாடு ஒரு இழுப்பு இழுத்துச்சு, வண்டி ஆடுச்சு, பையன் உடுக்கைய விட்டுட்டு எங்க ஜன்னல் கம்பியப் புடிச்சான்.

பெரியப்பா எப்ப எந்திரிச்சாருன்னு எனக்குத் தெரியாது. நான் திரும்பறப்ப அவர் துணி காயப்போடற கவக்கோல கம்பிக்கு நடுவுல விட்டு ஒயரத் தூக்கிப் புடிச்சிருக்கார், கீழ பாத்து "மாட்ட நிறுத்துடா, பையன் விழுந்துருவான்"னு கத்தறார், அந்தக் குரல நாங்க எட்டு மாசமா கேட்டதில்ல. இன்னொரு கைய கம்பியப் புடிச்சிருந்த பையன் கை மேல வச்சு அமுக்கிட்டு இருந்தார். ஒரு நிமிசம் இருக்கும். ஒயர் தாண்டுச்சு, வண்டி நகந்துச்சு, பையன் கைய எடுத்துட்டான், போயிட்டான். பெரியப்பா கவக்கோல மூலைல சாச்சுட்டு நாற்காலில உக்காந்துட்டார். கீழ போலாமான்னு கேட்டேன். வேணாம்மா. ஆனா ஜன்னலச் சாத்தல. ஜன்னல் கம்பில நாலு வெரல் அளவுக்கு நீல பெயின்ட் ரொம்ப நாள் இருந்துச்சு, யாரும் தொடைக்கல.

இப்ப நீங்க கேட்டீங்களே, சேந்துட்டாரான்னு. அதே கேள்விய எங்க பெரியப்பா பத்திக் கேட்டா நான் என்ன சொல்லுவேன்? சேந்துட்டாருன்னு சொன்னா பொய், அவர் கடைசி வரைக்கும் அந்த ரூம்லதான் இருந்தார். சேரலன்னு சொன்னாலும் பொய்.

விழுந்துட்டாரான்னு கேட்டதுக்கு வரேன். இந்த சந்தேகம் உங்களுக்கு மட்டும் இல்ல, கிளாஸ்லயும் யாராச்சும் ஒருத்தர் கேப்பாங்க, அதுக்குக் காரணம் அந்த வினைச்சொல்லு. "ரைஸன்"னா மெதுவா இழுக்கறது இல்ல, வெடுக்குனு பிச்சு இழுக்கறது, காகிதத்தக் கிழிக்கறதுக்கும் அதே வார்த்தைதான். இன்னொண்ணு, நம்ம வீட்டு ஜன்னல்ல கம்பி இருக்கும், பிராக்ல அந்தக் காலத்து ஜன்னலுக்குக் கம்பி கிடையாது, ரெண்டு கதவத் திறந்தா நேரா காத்துதான், அதனால அவங்களுக்கு ஜன்னல்கிட்ட நிக்கறதுன்னாலே கொஞ்சம் விளிம்புல நிக்கறதுதான். அப்பறம் இந்தப் புத்தகத்த அடுக்கினதுக்கு நாப்பதே நாள் கழிச்சு, 1912 செப்டம்பர் 22 ராத்திரி உக்காந்து 23 விடியறதுக்குள்ள எழுதி முடிச்ச "தீர்ப்பு" கதைல மகன் நெசமாவே பாலத்துலருந்து கைய விட்டுடறான், அவன் விழற அதே நேரத்துல பாலத்து மேல முடிவே இல்லாம வண்டிங்க போயிட்டிருக்குன்னு கதை முடியும். வண்டி, சத்தம், விழறது, மூணும் அங்க ஒண்ணா இருக்கு. அதத் தெரிஞ்சவங்க இங்கயும் ஒரு சாவ மோப்பம் புடிக்கறாங்க.

நான் அத ஒத்துக்கல. காரணம் ஒரே ஒரு சின்ன வரி, தலைய லேசா பின்னால சாச்சிருக்கான். விழப்போறவன் தலை முன்னால இருக்கும். இவன் பின்வாங்கி நிக்கறான், உடம்பு அசையல, இருந்தும் இழுபட்டுட்டான். எது இழுபட்டுச்சுன்னா, பெரியப்பாவோட குரல் மாதிரி ஏதோ ஒண்ணு. உடம்பு நாற்காலிலதான்.

இன்னொரு விஷயம், இதுக்கு எனக்கு ஏற்காடு உதவுச்சு. ஜன்னல்னா பாக்கறதுக்குன்னுதான எல்லாரும் நெனைக்கறோம். முதல் வாக்கியம் அப்படித்தான் சொல்லுது, பாக்கணும், கையப் பாக்கணும். ஆனா ரெண்டாவது வாக்கியத்துல பார்வை ஒண்ணுமே சாதிக்கல, கண்ணு மேலயும் கீழயும் போயிட்டு சும்மா வருது. இழுத்தது வண்டியும் சத்தமும். நான் ஒரு தடவ உடம்பு தேத்திக்கறதுக்காக ஏற்காட்டுல காஃபி தோட்டத்துக்குள்ள ஒரு வீட்ல ஒரு மாசம் இருந்தேன், ஜன்னலத் திறந்தா சில்வர் ஓக் மரம், அதுல ஏறின மிளகுக் கொடி, பாதி நாள் பனி மூட்டம். சாயங்காலம் லேடீஸ் சீட் வரைக்கும் நடந்து போவேன், அங்கருந்து பாத்தா மொத்த சேலமும் தெரியும், இருட்டினா விளக்கு விளக்கா, லட்சக்கணக்கான ஜனம் கண்ணுக்கு முன்னாடி விரிச்சுப் போட்ட மாதிரி. ஒரு சத்தம் கிடையாது. அவ்ளோ பேரப் பாத்தும் எனக்கு யாரும் இருக்கற மாதிரியே தோணல, இன்னும் தனியாத்தான் ஆச்சு. ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்தா எங்கயோ தூரத்துல கொண்டை ஊசி வளைவுல கடைசி பஸ் ஃபர்ஸ்ட் கியர்ல முக்கிக்கிட்டு ஏறும், கண்ணுக்கு எதுவும் தெரியாது, பனிதான். அந்த சத்தத்துக்குத்தான் நான் காத்துக்கிட்டு இருப்பேன். குகை சந்துல எதிர் வீட்டு சுவர் தாண்டி எதுவும் தெரியாது, ஆனா பக்கத்துத் தறி சத்தம் சுவர் வழியா முதுகுல ஏறும்.

போன வருஷம் ஜெர்மனி போன என் ஸ்டூடன்ட் ஒரு பொண்ணு, ஓமலூர் பக்கத்து ஊரு, அங்க ஒரு சின்ன டவுன்ல ஆஸ்பத்திரி வேலை. ஞாயித்துக்கிழமைன்னா அங்க கடையெல்லாம் மூடிடுவாங்க, சத்தம் போடக்கூடாதுன்னு வழக்கமே இருக்கு, துளை போடறது, புல்லு வெட்ற மெஷின் ஓட்றது எதுவும் கூடாது. அவளுக்கு ஜன்னல் இருக்கு, நல்ல பெரிய கண்ணாடி ஜன்னல், எதிர்ல சுத்தமான தெரு. ஒரு ஞாயித்துக்கிழமை வாய்ஸ் மெசேஜ் போட்டா, மேடம் இன்னைக்கு கிளாஸ் எடுப்பீங்கல்ல, லிங்க் போடுங்க, நான் பேசமாட்டேன், ஆனா உங்க ரூம் ஜன்னலக் கொஞ்சம் திறந்து வைங்க, ரோட்டு சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கேன்னு. எங்க கிளாஸ் அம்மாபேட்டை மெயின் ரோட்டு மேல மாடில இருக்கு, ஹார்ன் சத்தத்துல நானே கத்திக் கத்தித்தான் பாடம் எடுப்பேன், எப்பவும் சாத்தித்தான் வைப்பேன். அன்னைக்குத் திறந்தேன். ரெண்டு மணி நேரம் அவ கேமராவ அணைச்சுட்டு கேட்டுக்கிட்டு இருந்தா. மினி பஸ் கண்டக்டர் கத்தறது, கரும்பு ஜூஸ் மெஷின் மணி, எல்லாம் அங்க போய்ச் சேந்துச்சு.

காஃப்கா கதைங்கள்ல ஜன்னல் திரும்பத் திரும்ப வரும். பூச்சியா மாறின கிரிகோர், நாற்காலிய ஜன்னலுக்கு நகத்தி அதுல ஏறி சாஞ்சு நிப்பான், நாளுக்கு நாள் கண்ணு மங்கிட்டே போகும், எதிர்ல இருக்கற ஆஸ்பத்திரி கூடத் தெரியாது, வானமும் தரையும் ஒரே சாம்பலா கலந்துடும். அதாவது ஜன்னல் இருக்கு, தெரு இல்ல. "விசாரணை" நாவல் கடைசில இதுக்கு நேர் எதிர், குத்தம் தெரியாம கேஸ்ல மாட்டின யோசேஃப் கே.ய கொல்லக் கொண்டுபோன எடத்துல, தள்ளி ஒரு வீட்டு மேல்மாடி ஜன்னல் படார்னு திறக்கும், யாரோ ஒருத்தர் வெளிய சாஞ்சு ரெண்டு கையையும் நீட்டுவாங்க. யார் அது, நண்பனா, நல்ல மனுசனா, உதவ வந்தவனா, ஒருத்தனா, எல்லாருமான்னு கேள்வியா அடுக்குவார், பதில் வராது. அந்த "ஏதோ ஒரு கை", முதல் புத்தகத்துல தேடினது, அங்க வந்து நிக்குது. ஆனா ரொம்ப தூரத்துல.

கடைசி வார்த்தைக்கு வரேன், உங்க கேள்விக்கு என் பதில் அதுலதான் இருக்கு. இங்கிலீஷ்ல இந்த வாக்கியத்தப் படிச்சா அந்த மொழியோட அமைப்புக்கு "மனுச ஒத்துமை"ங்கறது கடைசில வந்து உக்காரும், படிக்கறவங்களுக்கு போய்ச் சேந்துட்ட மாதிரி ஒரு நிம்மதி வந்துடும். ஜெர்மன்ல அப்படி முடியல. ஜெர்மன்ல கடைசி வார்த்தை "ட்ஸூ", ரெண்டே எழுத்து. அதுக்கு இங்க அர்த்தம் "நோக்கி". ஒத்துமைங்கறதுக்கு அவர் போட்ட வார்த்தை "ஐன்ட்ராக்ட்", அதுல முன்னாடி நிக்கற "ஐன்"னா ஒண்ணு. இது தமிழுக்கு அவ்ளோ அழகா வந்து விழுது தம்பி, நமக்கும் ஒத்துமைக்குள்ள ஒண்ணு இருக்கு, ஒத்தையாளுக்குள்ளயும் அதே ஒண்ணுதான் இருக்கு. வாக்கியமும் நம்ம மொழில ஜெர்மன் மாதிரியே "நோக்கி"ல நிக்கும், இங்கிலீஷ்ல வளைக்க வேண்டியத நாம வளைக்க வேண்டியதில்ல. அவன் சேந்துட்டான்னு காஃப்கா சொல்லல, விழுந்தான்னும் சொல்லல. எந்தப் பக்கம் இழுபடறான்னு மட்டும் சொல்லிட்டு பேனாவ எடுத்துட்டார். தனிமையப் பத்தியா, சேர்றதப் பத்தியான்னு கேட்டீங்கல்ல, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற அந்த திசையப் பத்தித்தான்னு நான் படிக்கறேன்.

பல வருஷமா திருத்தித் திருத்தி வச்சிருக்கற என் மொழிபெயர்ப்ப கீழ போடறேன். "சாளரம்"னு போடலாம்னு ஒருத்தர் சொன்னார், நான் ஜன்னல்னே விட்டுட்டேன், அது போர்ச்சுகீசிய வார்த்தைதான், ஆனா நம்ம ஜனம் எட்டிப் பாக்கறது ஜன்னல் வழியாத்தான். ஜெர்மன் தலைப்புல இருக்கற "காஸ்ஸ"ங்கறதுக்கு இன்னைக்கு ஜெர்மனில பேசறபடி பாத்தா தெருவவிட சந்துதான் நெருக்கம், ஆனா சந்து ஜன்னல்னா காதுக்கு வேற மாதிரி ஆயிடுது. வாய்விட்டுப் படிங்க, மூச்சு முட்டும், முட்டணும்.

"யாருமற்று வாழ்பவன் எவனோ, ஆனாலும் அவ்வப்போது எங்காவது இணைந்துகொள்ள விரும்புபவன் எவனோ, பொழுது, தட்பவெப்பம், தொழில் நிலைமைகள் முதலியவற்றின் மாற்றங்களை முன்னிட்டு, பற்றிக்கொள்ளத் தக்கதாய் ஏதேனும் ஒரு கையைக் கண்டால் போதும் என்றிருப்பவன் எவனோ, அவனால் தெரு ஜன்னல் ஒன்று இல்லாமல் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. அவன் நிலைமை எதையுமே தேடாததாக இருந்து, வெறும் களைத்த மனிதனாக, ஜனத்துக்கும் வானத்துக்கும் இடையே கண்கள் ஏறி இறங்க, தன் ஜன்னல் திண்டருகே அவன் வந்து நின்றாலும், அவனுக்கு விருப்பமில்லை, தலையைச் சற்றே பின்னால் சாய்த்திருக்கிறான் என்றாலும்கூட, கீழே குதிரைகள் அவனைப் பிடுங்கி இழுத்துப் போகின்றன, தங்கள் பின்னே வரும் வண்டிகளுக்குள், இரைச்சலுக்குள், அதன் வழியே கடைசியில் மனித ஒற்றுமையை நோக்கி."